அருவ ஓவியத்துப் பறவை

தோற்றுவாய்

'பறவை' எனப் பெயரிட்டு, அலகும் சிறகும் காலும் காட்டாது, எண்ணெயிற் குழைத்த வண்ணத்தைத் தடித்த ஏடு ஏடாக அப்பிய கித்தான் ஒன்றன் முன் ஒருவனை நிறுத்தி, 'இதன்கண் பறவை உளதோ, இலதோ?' என வினவினால், அவன் எந்த அளவையைத் துணைக்கொண்டு விடை கூறுவான்? கண்டது வண்ணம், கூறப்பட்டது பறவை, இவ்விரண்டற்கும் உள்ள தொடர்பு யாது? இவ்வினா ஓவியர்க்கும் ஓவியங்களை விலைகொள்வார்க்கும் உரியதேயன்றிச் சித்தாந்த நூல் பயில்வார்க்கு உரியதன்று எனக் கருதுவார் பலர். யாமும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தோம். அக்கருத்தால் ஒரு சிறுபெண்ணுக்கு யாம் செய்த முறைகேடே இப்பொருளை ஆராயுமாறு எம்மைச் செலுத்திற்று. அதனை மறையாது கூறி, அதன்பின் பொருளுட் புகுவோம்.

ஆராய்ச்சிக்கு மற்றொரு காரணமும் உண்டு. இவ்வகை ஓவியத்தை இக்காலத்தார் 'அருவ ஓவியம்' என வழங்குகின்றனர். அருவம் என்பது நமக்குப் புதிய சொல்லன்று. இறைவனது திருமேனி உருவம், அருவுருவம், அருவம் என மூவகைப்படும் என்பதும், தில்லைச் சிற்றம்பலத்தின்கண் ஆடல்வல்லான் திருவுருவும், படிக இலிங்கமும், திரைக்கு அப்பாலுள்ள இரகசியமும் அம்மூன்றையும் ஒருங்கே உணர்த்தி நிற்கும் என்பதும் அன்பர் அறிந்தனவே. நம் மனையகத்துச் சொல் ஒன்று அயலார் கடையிற் பலபொருட்குப் பெயராய் வழங்கப்படுமாயின், அது தகுதியோ எனப் பார்த்தல் நம் கடமையாம்.

நிகழ்ந்தது

முத்தும் சங்கும் உப்பும் கப்பலும் ஆகிய நான்கினாலும் பெயர்பெற்றது தூத்துக்குடி. அந்நகர்த் துறைமுகம் 1974 ஆம் ஆண்டிற் பெருந்துறைமுகமாயிற்று. 2011 ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. அப்பெரியார் 1906 ஆம் ஆண்டிற் சுதேசிக் கப்பற் கழகம் நிறுவியதனை நாடு அறியும். அவர் சிவஞானபோதத்துக்கு உரை எழுதி 1935 ஆம் ஆண்டில் வெளியிட்டதனை நம்மனோரே மிகுதியும் அறிவர். கப்பலுக்கும் சித்தாந்தத்துக்கும் ஒருங்கே உரியராய ஒருவர் பெயரைத் தாங்கிய துறை இஃதொன்றே போலும்.

சில ஆண்டுகட்கு முன்னர் அந்நகரைச் சார்ந்த பள்ளி ஒன்றில் மாணாக்கரது ஓவியப் போட்டிக்கு நடுவராக எம்மை அழைத்தனர். தமிழ் கற்பித்து முதுமையெய்திய ஒருவன் ஓவியத்துக்கு நடுவனாதல் பொருந்துமோ என யாம் எண்ணிற்றிலேம். மாலையும் பொன்னாடையும் எவரைத்தான் மயக்கா? 'எம் கரையின் பறவை' என்பது கொடுக்கப்பட்ட பொருள். வரிசையாக வைக்கப்பட்டிருந்தவற்றுள் கிளியும் புறாவும் மயிலும் மிக்கிருந்தன. அவற்றினிடையே ஒரு கித்தான். அதன் முழுப் பரப்பும் வெண்மை. அவ்வெண்மைதானும் ஒரு தன்மைத்தன்று. கடற்கரை மணலைக் குழைத்துச் சேர்த்தமையால் ஓரிடத்துத் தடித்தும், ஓரிடத்து வெடித்தும், ஓரிடத்து வரப்புப்போல் உயர்ந்தும் கிடந்தது. வலப்பக்கத்தே, கத்தியால் ஒருமுறை இழுத்து விட்டாற்போன்ற இளஞ்சிவப்புக் கீற்று ஒன்று; அதன் முனையிற் சிறிது கருமை. வேறு யாதும் இல்லை.

யாம் அதனை ஒரு நொடியே நோக்கினோம். 'இதன்கண் பறவை இல்லை' என்றோம். உடனிருந்த இருவரும் எம் முதுமையை மதித்து வாய்வாளாதிருந்தனர். பரிசு ஒரு மயிலுக்குச் சென்றது. நாட்காட்டியிற் கண்டவாறே எழுதப்பட்ட மயில் அது. எம் கரையின் பறவையும் அன்று.

விழா முடிந்து தாழ்வாரத்தில் வரும்போது அக்கித்தானை எழுதிய பெண் எம்மை வணங்கி நின்றாள். பதினான்கு பதினைந்து ஆண்டினள் இருக்கலாம். முறையிட்டாளில்லை, அழுதாளுமில்லை. 'ஐயா, உச்சிப்பொழுதில் உப்பளத்துக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா?' என்று மட்டும் வினவினாள். அவள் தாய் அளத்தில் உப்பு வாரும் வேலை செய்பவர் எனப் பின்னர் அறிந்தோம். யாம் அவ்வினாவுக்கு விடை கூறாது, 'நன்றாகப் படி, அம்மா' எனச் சொல்லிக் கடந்தோம். விடை இல்லாதவர் அறிவுரை கூறுதல் வழக்கமன்றோ?

அவ்வினா எம்மை விட்டிலது. மாசித் திங்களில் ஒருநாள் உச்சிப்பொழுதில் அளத்துக்குச் சென்றோம். பாத்திகள் எல்லாம் விளைந்த உப்பின் வெண்மை, வானமும் வெண்மை. கண்ணைத் திறந்திருத்தல் அரிதாயிற்று. அங்குத் தொழில் செய்வோர் அவ்வொளியினாலேயே நாளடைவிற் கண்நோய் எய்துகின்றனர். தொலைவில் வெப்பத்தால் நடுங்கிய காற்றினூடே ஏதோ ஒரு நிறம். காலும் இல்லை, கழுத்தும் இல்லை. யாது எனத் துணிதற்குமுன் அஃது எழுந்தது. சிறகின் சிவப்பும் அதன் ஓரத்துக் கருமையும் ஒரு கணம் விரிந்தன. கூச்சத்தால் எம் கண் மூடிற்று. திறந்தபோது யாதும் இல்லை. பூநாரை அது. அவள் எழுதியது அதனையே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஒப்புமை நான்கு

இனிப் பொருளுட் புகுவோம். 'ஓவியமாவது ஒப்புமை, ஒப்புமை இன்றேல் ஓவியம் இன்று, எனவே பறவையை ஒவ்வாத பறவையோவியம் மலடி மைந்தனைப்போல் மாறுகொளக் கூறலேயாம்' என்பது முதற்கண் எழும் தடை. அன்று யாம் கூறியதும் இதுவே. இத்தடையின் முதற்கூறு மெய்ம்மை. ஓவியம் ஒப்புமையே. ஆயின் எதனோடு எவ்வகையான் ஒப்புமை என வினவாது விடுத்தது பிழை.

ஒப்புமையைத் தமிழ் இலக்கணம் ஒரு வகையாற் கூறிற்றன்று. தொல்காப்பியனார் உவமை தோன்றும் நிலைக்களத்தை வினையும் பயனும் மெய்யும் உருவும் என நான்காக வகுத்தார். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். வீரன் ஒருவனைப் புலியென்றால் அவனுக்கு வாலும் வரியும் தேடுவார் இலர். பாய்தல் என்னும் வினையால் ஒப்பு என்று கொள்வர். வள்ளலை மழையென்றால் அவன் நனைப்பான் என அஞ்சுவாரும் இலர். பயனால் ஒப்பு என்பர். செய்யுளில் இவ்வாறு நால்வகை ஒப்புமையும் தழுவிய யாம், கித்தானின்முன் நின்றபோது மெய்யொன்றனையே ஒப்புமை எனக் கொண்டு ஏனை மூன்றனையும் மறந்தோம். நாற்பதாண்டு உவமவியல் கற்பித்த எமக்கு இது நாணத் தக்கதாம்.

நம் வாயில்தோறும் இதற்குச் சான்று உளது. மார்கழி விடியலிற் பெண்டிர் இடும் புள்ளிக் கோலத்திற் கிளியும் மயிலும் வாத்தும் வருகின்றன. சில புள்ளிகளைச் சுற்றிவரும் வளைகோடு ஒன்றே ஆண்டு உள்ளது. இறகு இல்லை, நிறம் இல்லை, கண் உள்ளவிடத்தும் அஃது ஒரு புள்ளியே. அதனை மிதியாது ஒதுங்கிச் செல்லும் நாம் 'இதன்கண் கிளி எங்கே?' எனக் கேட்டதுண்டோ? பழகியது விளங்குகின்றது, பழகாதது விளங்கவில்லை. விளங்காமையை அப்பொருளின் குற்றமாகக் கூறுதல் அறமாகாது.

துறைமுகம் ஒன்றிலேயே இவ்வினா வழக்காய் எழுந்த வரலாறும் உண்டு. உருமேனியாவிற் பிறந்து பாரிசு நகரில் வாழ்ந்த பிராங்குசி என்னும் சிற்பி, 'வெளியிற் பறவை' எனப் பெயரிய வெண்கலச் சிற்பம் ஒன்றைச் செய்தனர். மெருகேற்றிய நீண்ட வெண்கலத் தண்டொன்று மேல்நோக்கிக் குவிந்து எழும். அலகும் சிறகும் அதன்கண் இல்லை. 1926 ஆம் ஆண்டில் அது கப்பல்வழி நியூயார்க்குத் துறையை அடைந்தபோது சுங்க அலுவலர் மயங்கினர். கலைப்பொருட்கு வரி இல்லை. ஆயின் இது கலைப்பொருளோ? சமையற் கருவிகளும் மருத்துவமனைப் பொருள்களும் அடங்கிய வகையில் அதனைச் சேர்த்து, நூற்றுக்கு நாற்பது விழுக்காடு வரி விதித்தனர். அதனை வாங்கிய ஸ்டைக்கன் என்பாரை நோக்கி, காட்டில் இதனைக் கண்டால் பறவையென்று சுடுவீரோ என்றும் நடுவர் மன்றிற் கேட்டனர். அவர் இல்லை என்றார். சிற்பமாவது இயற்கைப் பொருளைப் பின்பற்றிச் செய்வது என 1916 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று கூறியிருந்தது. ஆயினும் 1928 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மன்றத்தார், பறவையோடு இதனைத் தொடர்புபடுத்துதல் அரிதாயினும், கருத்துப்பொருளைக் காட்ட முயலும் புதுநெறி ஒன்று தோன்றியுளது என ஏற்றுக் கலைப்பொருளே எனத் தீர்த்தனர். எம் சொற்களாற் கூறின், சுங்கத்தார் மெய்யொப்புமையை நாடினர். சிற்பியோ வினையொப்புமையைக் காட்டினர். பறவையின் வடிவு ஆண்டு இல்லை; பறத்தல் உண்டு.

நம்மவருள்ளும் இந்நெறி சென்றார் உளர். தமிழ்க் குடும்பத்தில் 1928 ஆம் ஆண்டு சிம்லாவிற் பிறந்து 1994 ஆம் ஆண்டில் மறைந்த ஜெ. சுவாமிநாதன், 1960 ஆம் ஆண்டுகளின் இறுதி தொடங்கிப் பறவை, மரம், மலை என்னும் மூன்றனையே மீண்டும் மீண்டும் எண்ணெய்வண்ணத்தால் எழுதினர். அவற்றுட் பறவை பறவையெனத் தெரியும். ஆயின் மலை நிலத்தில் ஊன்றாது வண்ணவெளியில் நிற்கும். பறவையின் வடிவைத் துறவாது, அது நிற்கும் உலகத்தைத் துறந்த ஓவியம் அது. பிற்காலத்தே அவர் வடிவையும் குறைத்துக் கரடுபட்ட பரப்பும் குறிகளுமாக எழுதினர். கீராம்பூரிற் பிறந்த ஆதிமூலம் (1938–2008) கோட்டோவியத்தால் மக்கள் உருவங்களை வல்லமையாக எழுதிய பின்னரே உருவங் குறியாத வண்ணப்பரப்பை மேற்கொண்டனர். வடிவெழுத அறியாதார் ஒளிந்துகொள்ளும் இடம் இந்நெறி எனக் கூறுவார்க்கு இவர் வாழ்க்கையே மறுப்பாம்.

காட்சியும் பெயரும்

ஒப்புமை நான்கு என்றதனால், 'எவரும் எதற்கும் எப்பெயரும் இடலாம்போலும்' என அடுத்த தடை எழும். இதனை விடுத்தற்கு அளவையியல் வேண்டும்.

சிவஞானசித்தியார் அளவைப் பகுதி காட்சியை ஆராயுங்கால், பொருளின் உண்மை மாத்திரையைக் காணுதல் நிருவிகற்பம் எனவும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தானும் பகுத்தறிதல் சவிகற்பம் எனவும் பிரித்தோதும். அளத்தில் எமக்கு நிகழ்ந்ததனை இதனோடு பொருத்திக் காண்க. முதற்கண் 'ஏதோ உளது' என்னும் அளவே தோன்றிற்று. அதன்பின் சிவப்பு என்னும் குணமும், எழுதல் என்னும் கன்மமும், பறவை என்னும் சாதியும், பூநாரை என்னும் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆயின் இவ்வைந்தும் வந்து கூடிய பின்னர், முதலிற் கண்டது எமக்கு மறைந்துபோயிற்று. பூநாரை எனத் துணிந்தபின் யாம் பூநாரையைக் காணவில்லை. பூநாரை எனத் துணிந்ததனையே எண்ணிக்கொண்டிருந்தோம்.

நாள்தோறும் நமக்கு நிகழ்வது இதுவே. பெயர் பொருளைக் காட்டுதற்கு வந்த விளக்கு. பலகாற் பழகியபின் அவ்விளக்கே பொருளை மறைக்கும் சுவராகின்றது. பள்ளி மாணாக்கர் எழுதிய மயில் பெயரிலிருந்து எழுதப்பட்டது. மயில் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நெஞ்சிற் கிடந்த படம் கைக்கு இறங்கிற்று. மயிலை எவரும் கண்டிலர். அளத்துப் பெண் பெயர் தோன்றுதற்கு முன்னைய கணத்தை எழுதினாள். அதனை எழுதுதற்கு வடிவைக் காட்டுதல் ஆகாது. வடிவு அக்கணத்தில் அவட்குத் தோன்றிற்றிலது ஆகலின். தடித்த வெண்மையும் மணலும் அழகுக்கு இட்டன அல்ல. கண்ணைக் குத்தும் அவ்வொளியைத் தட்டையான வண்ணத்தாற் காட்டல் இயலாமையின், கண்ணுக்குக் கரடு இட்டுக் காட்டினாள். அக்கித்தானை நோக்கிய கண்ணும் சிறிது கூசவே செய்யும். இது பயனொப்புமை. சிவப்பும் கருமையும் உருவொப்புமை. ஒரே இழுப்பாய் இழுத்தது எழுச்சியின் வினையொப்புமை. நான்கனுள் மூன்று ஆண்டு உளவாகவும், இல்லாத ஒன்றனைக்கொண்டு 'பறவை இல்லை' என்றோம்.

எல்லா வண்ணக்குழம்பும் இவ்வாறு தாங்குமோ எனின், தாங்காது. வேறுபாடு அறிதற்கு எமக்குத் தோன்றிய அளவுகோல் மூன்று உள. ஒன்று: விடுக்கப்பட்ட வடிவு எதனையேனும் மறைத்து நின்றதோ, அதனை விடுத்தமையால் அது வெளிப்பட்டதோ எனக் காண்டல். இரண்டு: 'பறவை' என்னும் பெயரை அகற்றி 'மரம்' என்றோ 'துயரம்' என்றோ எழுதி வைப்பினும் ஓவியத்துக்கு இழப்பு ஒன்றும் இல்லையாயின், அப்பெயர் ஒட்டுப்பெயரே எனத் தெளிதல். மூன்று: ஓவியத்தைக் கண்டு மீண்டபின், உலகத்துள்ள அப்பொருளை முன்னினும் நன்கு காண்கின்றோமோ என நம்மையே வினாவுதல். இம்மூன்றாவதே தலையாயது. பூநாரையை அளத்தில் யாம் கண்டது அக்கித்தானால். அஃது இன்றேல் அங்குச் சென்றிருக்கவே மாட்டோம்.

அருவம் என்னும் சொல்

இனி, இதனை அருவம் எனல் தகுமோ என ஆராய்வாம். தகாது என்பதே எம் துணிபு. கித்தான் உண்டு, வண்ணம் உண்டு, தடிப்பும் மெலிவும் கையாற் றடவி அறியக் கிடக்கின்றன. இவ்வகை ஓவியம் ஏனையவற்றினும் மிகுதியாக உருப்பொருளாய் நிற்கின்றது என்றே கூறலாம். பிற ஓவியத்தில் வண்ணம் பிறிதொன்றன் தோற்றத்தில் மறைந்து நிற்கும். இதன்கண் வண்ணம் தானாகவே நிற்கும். மரத்தாற் செய்த யானையை யானையெனக் காண்பார்க்கு மரம் மறைகின்றது, மரமெனக் காண்பார்க்கு யானை மறைகின்றது எனத் திருமூலர் காட்டிய உவமையை ஈண்டு நினைக. இவ்வோவியன் யானையை மறைத்து மரத்தைக் காட்டுகின்றான். மரம் அருவமன்று.

இதனினும் இன்றியமையாத வேறுபாடு ஒன்று உண்டு. இறைவனை அருவம் என்றது அவன்மாட்டு உருவம் குறைந்தமையான் அன்று. உருவம் என்னும் வரையறைக்குள் அவன் அடங்காமையான். குறைவினால் வரும் உருவின்மை வேறு. நிறைவினால் வரும் உருவின்மை வேறு. முன்னது வெறுமை, பின்னது பூரணம். ஓவியத்தில் உருவைக் கழித்தமை ஒன்றனாலேயே அது மெய்ப்பொருளுக்கு அணித்தாயிற்று எனச் சிலர் பேசக் கேட்கின்றோம். உருவைக் கழித்தலே பேறாயின், இருட்டறையில் இருப்பான் எல்லாரினும் சிறந்த ஞானியாதல் வேண்டும். சிவஞானபோதத்து ஒன்பதாம் நூற்பா பாசத்தைப் பேய்த்தேரென அறிந்து நீங்குக எனக் கூறி, ஆண்டே நின்றுவிட்டிலது. நீங்கியார்க்கு இறைவன் தண்ணிழலாவான் எனவும் கூறிற்று. நீக்கம் வழி, நிழல் பயன். நீக்கத்தை மட்டும் கொண்டு நிழலை மறந்தால் சூனியவாதமே எஞ்சும்.

எனினும் இச்சொல்லை வழங்குவாரொடு யாம் பிணங்கப் புகவில்லை. ஓவியத்துக்கு அஃது ஆகுபெயராய் நிற்பினும் நிற்க. அச்சொல்லைக் கேட்டு மயங்கி, ஓவியத்தை அதன் அளவின் மிகுத்து உயர்த்தாமையே நாம் கொள்ளத் தக்கது. உயர்த்துவாரும் ஒரு நொடியில் ஒதுக்குவாரும் காணாதார் என்னும் வகையில் ஒருதன்மையரே.

மூவகைக் கருடன்

நம் நூல்களுட் பறவை ஒன்று பெரும்பொருளை விளக்க வந்துளது, அது கருடன். மாந்திரிகன் கருட பாவனையால் நஞ்சு தீர்த்தலை உவமை கூறி, சிவோகம் பாவனையால் உயிரின் மலம் நீங்குமாறு விளக்குவர் நம் ஆசிரியர். பொதிய மலைச்சாரலில் விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து, தூத்துக்குடிக் கடலையே சென்றடையும் பொருநையாற்றின் நீர் உண்டு வளர்ந்த மாதவச் சிவஞான முனிவர், அக்கருடனை மூவகையாகப் பிரித்து உணர்த்தினர். வானிற் பறக்கக் காணும் பறவை ஆதிபௌதிக கருடன். அதற்கு அதிதெய்வமாகிய மந்திரம் ஆதிதைவிக கருடன். அம்மந்திரத்தின்கண் நின்று பயனளிக்கும் சிவசத்தி ஆதியான்மிக கருடன். நஞ்சு தீர்ப்பது வானத்துப் பறவையைத் தானாக எண்ணுதலால் அன்று என்பது இப்பகுப்பின் பயன்.

ஓவியத்துப் பறவை இம்மூன்றனுள் எது? அளத்திற் பறந்த பூநாரை முதல்வகையின்பாற் படும். கித்தானில் உள்ளது அதுவன்று. மந்திரமும் அன்று; விதியும் குருமொழியும் அதற்கு இல்லை. எனவே ஓவியத்தை நோக்குதல் பாவனையாகாது. அதனை வழிபடுபொருளாக்குதலும் கூடாது. ஆயின் இப்பகுப்பினின்றும் யாம் கற்கத் தக்கது ஒன்று உண்டு. 'கருடன்' என்னும் ஒரு சொல் இறகும் அலகும் உடைய பறவையோடு முடிந்துவிடவில்லை என்பதனைத் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்த நாம், 'பறவை' என்னும் சொல் இறகோடு முடிதல் வேண்டும் என ஒரு சிறுபெண்ணை வற்புறுத்தினோம். நம் நூலை நாமே மறந்தமை அன்றி இது பிறிதென்னை?

பாவனை பயன்படுதற்குக் காரணம் உயிர் சார்ந்ததன் வண்ணமாதல். அதற்கும் பூநாரையே சான்று ஆகின்றது. அப்பறவை பிறக்கும்போது சிவந்ததன்று; குஞ்சு சாம்பல் நிறத்தது. உவர்நீரில் வாழும் நுண்பாசியையும் சிற்றிறால் போன்ற சிற்றுயிர்களையும் தலைகீழாக அலகைத் தோய்த்து வடித்துண்டு, அவற்றிலுள்ள நிறப்பொருளாற் பின்னர்ச் சிவக்கின்றது. அவ்வுணவு இல்லாவிடத்து நிறம் வெளுக்கும். அதன் சிவப்பு அதற்கே உரியதன்று, சார்பினால் வந்தது. அளத்துப் பெண்ணும் அவ்வெயிலையும் வெண்மையையும் நாள்தோறும் சார்ந்து நின்றாள். அச்சார்பு அவள் கையில் நிறமாயிற்று. எம் சார்போ ஏடும் மேடையும்.

முடிபு

கண் காண்கின்றது, ஆயின் உயிர் உடனின்று காட்டினாலன்றிக் கண் காணாது. உயிரும் அவ்வாறே, இறைவன் உடனின்று காட்டினாலன்றிக் காணாது. இது பதினோராம் நூற்பாவிற் கற்ற பாலபாடம். இதனை மேடையிற் பலகால் விரித்துரைத்தோம். நடுவர் இருக்கையில் அமர்ந்த ஒரு நொடியில், காண்பான் யாமே எனவும் எம் காட்சியே முடிபு எனவும் கொண்டோம். புறவிருள் பொருளை மறைப்பினும் தான் இருள் எனத் தோன்றும். ஆணவமோ தான் மறைத்தலையும் தோன்றாவாறு மறைக்கும். 'பறவை இல்லை' என யாம் கூறியபோது எமக்கு யாதொரு ஐயமும் எழாமையே அதற்கு அடையாளம். ஐயக்காட்சியேனும் தோன்றியிருப்பின் மீண்டும் ஒருகால் நோக்கியிருப்போம்.

இந்நகரத்துப் பரதவர் முத்துக்குளித்த காலத்து, சிப்பியின் புறத்தை நோக்கி முத்தின் விலையை எவரும் கூறிற்றிலர். சலாபம் குறிக்குமுன் பார்களினின்றும் மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, உள்ள முத்தை மதிப்பிட்ட பின்னரே நாள் குறித்தனர். எடுத்த சிப்பிகளையும் அழுகவிட்டுக் கழுவித் தேடினர். சிப்பிக்குள் நுழைந்த வேற்றுப்பொருளின்மேல் ஏடு ஏடாகப் படிவதே முத்தாகலின், பொறுமையால் விளைந்ததனைப் பொறுமையாலேயே கண்டெடுத்தனர். மன்னார்க் குடாவில் முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அத்தொழில் கற்பித்த பொறுமையும் உடன் நின்றுபோதல் வேண்டுவதில்லை.

அளத்தினின்று மீண்ட மறுநாள் அப்பள்ளிக்குச் சென்றோம். அப்பெண் கல்வி முடித்துச் சென்றுவிட்டாள். குடும்பமும் வேறோர் அளத்துக்குப் பெயர்ந்துவிட்டது. கித்தானையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டனர். எம் தீர்ப்புப் பிழைத்தது எனவும், அவள் ஓவியத்தில் பறவை உளது எனவும் ஓலை ஒன்று எழுதி ஆசிரியரிடம் கொடுத்தோம். அவளைக் கண்டால் சேர்ப்பதாகக் கூறினர்.

மடங்களிலும் சபைகளிலும் பண்ணுக்கும் பேச்சுக்கும் எழுத்துக்கும் தேர்வாளராய் அமரும் அன்பர் பலர் இவ்வேட்டைப் படிப்பர் என்பது பற்றியே இத்துணையும் விரித்தோம். பழகாதது ஒன்று நம்முன் வைக்கப்பட்டால், அதன்கண் இல்லாததனைக் கூறுமுன் உள்ளது யாதென ஒருகால் வினாவுதல் நன்று. செய்தவர் அருகிருப்பின் அவரையே வினாவலாம். அதனால் நம் புலமை குறைந்துவிடாது. எம்மை ஒரு பெண் வினாவினாள். வினாவியிருக்க வேண்டியவர் யாமே.